நான்காவது பலகை

தேவிப்பிரியா குட்டையின் நடுவில் நடந்து போனாள். தவறு அதுதான்.

கரையில் உட்கார்ந்து அளவுப் பலகைமேல் ஒரு மடவை மீன் குஞ்சை நீட்டி வைத்துக்கொண்டிருந்த ஷஃபீக்குக்கு அது தவறாகத் தெரியவில்லை. சேற்றில் எங்கே கால் வைப்பது என்று அவளுக்குச் சொல்ல அவன் யார்? அவன் நெல்லித்தோப்பில், மெத்தைக் கடை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன். தண்ணீர் என்றால் அவனுக்குக் குழாய்த் தண்ணீர். நீச்சல் தெரியாது. அவளோ தேங்காய்த்திட்டுக்காரி. அவள் அம்மா வீராயி, கழிமுகத்துச் சேற்றில் உட்கார்ந்து நகர்ந்தபடி கையால் தடவி இறால் பிடித்து மகளைப் படிக்க வைத்தவள். ஆற்றுக் கால்வாயில் ஓரம்தான் புதையும். நடுவில் ஓட்டம் அரித்து மணல் கிடக்கும், கால் நிற்கும். தேவி நடக்கப் பழகியபோதே பழகியது அது.

ஆனால் இது ஆறு இல்லை. கைவிடப்பட்ட இறால் பண்ணையில் குஞ்சு வளர்க்க வெட்டிய சின்னக் குட்டை. பதினைந்து தப்படி நீளம், பத்துத் தப்படி அகலம். பண்ணை நடந்த காலத்தில் தண்ணீரைச் சுழற்ற ஓர் இயந்திரம் ஓடியது. சுழலும் தண்ணீர் மிச்சத் தீனியையும் கழிவையும் நடுவில் கொண்டுபோய்க் குவிக்கும். பல வருடக் குவியல். இங்கே ஓரம்தான் கெட்டி. நடு, குழி. ஒரு பண்ணைக்காரன் அதில் கால் வைத்திருக்க மாட்டான். ஆற்றுக்காரி வைத்தாள்.

"பாய், கால் மாட்டிக்கிச்சு," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இத எழுதிக்காதீங்க. இது அளவுல சேராது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முட்டிக்கு மேல் சேறு.

"கைய ஊனாத," என்றான். ஏன் சொன்னான் என்று தெரியவில்லை. எங்கோ படித்தது.

அவள் ஒரு காலை இழுத்தாள். மற்றது இறங்கியது. அதை இழுத்தாள். முதல் கால் இன்னும் இறங்கியது. நான்காம் முறை இழுத்தபோது சிரிப்பு போய்விட்டது. சேறு தொடையைத் தாண்டியிருந்தது.

மதகை அடைத்திருந்த பலகைகளுக்கு வெளியே ஆறு ஏறிக்கொண்டிருந்தது.

மூன்று மாதமாக அவர்கள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இங்கே வருகிறார்கள். ஆராய்ச்சி அவளுடையது. அளப்பதும் எழுதுவதும் அவன் வேலை. பண்ணையை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. மதகுப் பலகைகள் உளுத்து விழுந்தன. கரையில் அலையாத்திச் செடிகள் தாமாக முளைத்து வேர்விட்டன. அந்த வேர்களுக்குள், கலங்கிய, ஆழமில்லாத தண்ணீரில், கடல் ஏறும்போதெல்லாம் குஞ்சுகள் வந்து தங்கின. மடவை, பால்கெண்டை, கீச்சான், எப்போதாவது கொடுவா. பெரிய மீன் நுழைய முடியாத ஆழம். அவற்றுக்கு அதுதான் காவல். நகத்தளவில் வரும். விரல் நீளமானதும் ஆற்றுக்குப் போய்விடும்.

போய்விடுவதுதான் சிக்கல். வளர்ந்தவை போகின்றன, சிறியவை வந்துகொண்டே இருக்கின்றன. எந்த நாளில் பிடித்து அளந்தாலும் சராசரி நீளம் மாறுவதில்லை. இங்கே மீன் வளரவே இல்லை, வெறும் சேற்றுக் குட்டை என்று காகிதம் சொல்லும். தேவி அதற்கு ஒரு வழி செய்தாள். போன அமாவாசைக்கு இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருந்த குஞ்சுகளாகப் பார்த்து எடுத்து, அடித்துடுப்பின் ஓரத்தை மயிரளவு கத்தரித்து விட்டாள். இன்று பௌர்ணமி. கத்தரித்த துடுப்போடு நாற்பத்தொரு குஞ்சு கிடைத்தது. முப்பத்திமூன்று, முப்பத்திநான்கு, ஒன்று முப்பத்தாறு. காலையில் அவள் அந்த முப்பத்தாறைக் கையில் ஏந்தி, "இன்னா திமிரு பாருங்க, வூட்ட விட்டே போவல இது," என்று கொஞ்சினாள். இன்னும் சில நடுவில் தேங்கிய தண்ணீரில் நெளிகின்றன என்றுதான் கைவலையோடு இறங்கினாள்.

இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

அவர்கள் வேலை செய்யும் முறை இது: கடல் வற்றும்போது மதகில் வலை கட்டிக் குட்டையை வடிய விடுவார்கள். வடிந்ததும் ஆறு பலகைகளை மதகுச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைப்பார்கள். ஒவ்வொன்றும் அரையடி. திரும்பி ஏறும் தண்ணீர் வெளியே நிற்கும். உள்ளே கணுக்கால் தண்ணீரில் எண்ணி முடித்ததும் பலகைகளைத் தூக்கிவிடுவார்கள். ஏற்றம் மாலை ஐந்துக்குத்தான் முழுதாகும், நேரம் நிறைய இருக்கும்.

இன்று இல்லை. மேற்கே இரண்டு நாளாக மழை. ஆறு அந்தத் தண்ணீரையும் கொண்டுவந்தது. ஷஃபீக் எட்டிப் பார்த்தான். வெளியே, கீழிருந்து மூன்றாவது பலகை பாதி நனைந்திருந்தது.

கயிற்றை வீசினான். அவள் அக்குளில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு அலையாத்தி மரத்தில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! முட்டி கழண்டுக்கும்!"

நிறுத்தினான். அவள் ஓர் அங்குலம்கூட எழவில்லை. மீன் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று இருந்தன. கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் ஊர்ந்தான். மூன்றாவது பெட்டிக்கு மேல் அவளுக்கும் அவனுக்கும் நடுவே நான்கடி. கை நீட்டினான். பெட்டி சரிந்து அவன் இடது கால் முட்டிவரை போயிற்று. சேறு இறுகப் பிடித்தது. யாரோ இரண்டு கையாலும் பிடிப்பது போல. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக் காலை உருவினான். செருப்பு உள்ளேயே போயிற்று.

"வராதீங்க," என்றாள் தேவி. "நீங்களும் மாட்டினா போன் பண்ண ஆள் இல்ல."

அவன் கரைக்குத் திரும்பிப் போன் செய்தான். தீயணைப்பு நிலையத்தில் ஒரு பெண் எடுத்தாள். இடம் கேட்டாள். துறைமுகத்துக்குத் தெற்கே, ஆற்றுக்குள் என்று சொன்னான். சாலை எதுவரை என்று கேட்டாள். சாலை இல்லை, கரைமேல் நடக்க வேண்டும் என்றான். வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் மழைத் தண்ணீர் நிற்பதால் சுற்றித்தான் வரும், முக்கால் மணி ஆகலாம், அவரை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றாள்.

அடுத்து அரிகிருஷ்ணன். காலையில் அவர்களைப் படகில் கொண்டுவந்து விட்டவர். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

"சொல்லு தம்பி. வைத்திக்குப்பத்துல நிச்சயதார்த்தத்துல கீறேன். நாலு மணின்னுதான சொன்ன?"

"அண்ணே, தேவி குட்டையில மாட்டிக்கிச்சு. இடுப்பு வரைக்கும்."

ஒலிபெருக்கிச் சத்தம் விலகியது. வெளியே ஓடுகிறார்.

"எந்தப் பக்கம்? நடுவுலயா?"

"நடுவுல."

வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "துறைக்கு வந்து இஞ்சின் போட்டு வரணும் தம்பி. வுடு வுடுன்னு வந்தாலும் அரை மணி ஆவும். அவகிட்ட பேச்சு குடுத்துக்கினே இரு," என்று வைத்துவிட்டார்.

மணி ஒன்று பத்து.

அவன் பேச்சு கொடுத்தான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நாற்பத்தொரு குஞ்சின் அளவுகளையும் படித்துக் காட்டினான். முப்பத்திமூன்று. முப்பத்திநான்கு. முப்பத்திமூன்று.

"இன்னா பாய், சாவு வூட்ல படிக்கிற மாதிரி படிக்கிறீங்க," என்றாள். உதடு வெளுத்திருந்தது. "கொஞ்சம் சந்தோசமாப் படிங்க. என் டாக்டர் பட்டம் அது."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய கொப்பளிப்பு. மதகுச் சட்டத்துக்குப் பக்கத்தில், கரையின் அடியில் ஒரு நண்டு வளை. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. விரல் பருமன். தெளிந்த தண்ணீர்.

அவன் சாக்கு ஒன்றைத் திணித்தான். நின்றது. ஒரு முழம் தள்ளி வேறு வளையில் வந்தது. சட்டையைக் கழற்றித் திணித்தான். அதுவும் நின்றது. திரும்பி நிமிர்ந்தபோது முதல் வளையில் சாக்கு வெளியே துப்பப்பட்டுக் கிடந்தது. இப்போது வந்த தண்ணீர் தெளிவாக இல்லை. காப்பிபோல் இருந்தது.

"இன்னா கலர்ல வருது?" தேவி கேட்டாள். அவள் முதுகு மதகுப் பக்கம். திரும்ப முடியாது.

"தெளிவாத்தான் வருது."

"பாய்."

"கலங்கலா வருது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெளிந்து வந்தால் ஓட்டை மட்டும்தான். கலங்கி வந்தால் கரை கரைகிறது. ஆற்றங்கரையில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். அவனுக்கும் இப்போது தெரிந்தது.

"வெளிய எவ்ளோ நிக்குது?"

"நாலாவது பலகைக்கு வந்துடுச்சி."

இரண்டடி. அவள் இடுப்புக்குமேல் சேற்றுக்கு வெளியே இருப்பது, மூக்குவரை, இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. இருவருமே அந்தக் கணக்கைப் போட்டார்கள்.

"பாய், நான் ஒண்ணு சொல்றேன். கத்தாதீங்க."

"சொல்லு."

"பலகையத் தூக்குங்க."

அவன் மதகைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒவ்வொண்ணா. மேல ரெண்டு காஞ்சிதான் கெடக்குது, அத எடுத்துருங்க. அப்பறம் நாலாவது. கொஞ்சம் கொஞ்சமா தண்ணி வரட்டும்."

"பைத்தியமா உனக்கு?"

"படகு சேத்துல உக்காந்தா தண்ணி வத்துன வத்தத்துல யாராச்சும் இழுப்பாங்களா? படகோட பலகதான் பேத்துக்கும். தண்ணி ஏறினா அதுவாக் கெளம்பும். காஞ்ச சேறுதான் புடிக்கும் பாய். தண்ணி எறங்கினா வுடும். இப்ப உள்ள என் காலச் சுத்தி தண்ணியே இல்ல, அதான் கவ்விக்கினு கீது."

"நீ படகு இல்ல."

"கரை ஒடைஞ்சா ஒரே மூச்சுல வரும். காலை ஆட்டக்கூட நேரம் இருக்காது. நாமளா வுட்டா மெதுவா வரும். வர வர நான் காலை ஆட்டிக்கினே இருப்பேன்."

"இதுக்கு முன்னாடி யாராச்சும் இப்பிடிப் பண்ணியிருக்காங்களா?"



"தெரியாது," என்றாள். "மனுசங்கள வச்சிப் பார்த்ததில்ல."

ஷஃபீக் கரையில் உட்கார்ந்துவிட்டான்.

எட்டு மாதத்துக்கு முன் அனம் காய்ச்சல் என்று படுத்தாள். அவன் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருடம். மூன்றாம் நாள் மருத்துவமனையில் தொண்டையில் குழாய் போட வேண்டும் என்றார்கள். போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. போடும்போதே இதயம் நின்றுவிடவும் கூடும். மருத்துவர் இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. கணவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அனம் கட்டிலிலிருந்து அவனைப் பார்த்தாள். மூச்சிரைப்பில் அவளால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். போடு என்பதா, வேண்டாம் என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டான். நாற்பது நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பயம் இல்லாமல் போயிற்று. துக்கமும் பெரிதாக இல்லை. சாப்பிட்டான், தூங்கினான், மீன் அளந்தான். பையன் தேறிவிட்டான் என்றார்கள். இருப்பது ஒன்றும் இல்லாதவனுக்குப் பயம் எதற்கு என்று அவனே நினைத்திருந்தான்.

இப்போது பயம் வந்தது. கை விரல்கள் தாமாகவே சாக்கைத் தேடிப் பற்றின. அவன் அவற்றைப் பார்த்தான். இன்னொருவனுடைய விரல்கள் போல இருந்தன.

"தீயணைப்பு வந்துரும் தேவி. இன்னும் கால் மணி நேரம். சாக்கு வச்சி அடைக்கிறேன். நான் அடைச்சிக்கிட்டே இருக்கேன்."

"அடைங்க," என்றாள். "கலங்கல் நின்னா அடைங்க."

அவன் பார்த்தான். காப்பிபோல் வந்தது இப்போது சேறாகவே வந்தது. கரையின் மேற்பரப்பில், மதகுக்குப் பக்கத்தில், ஒரு விரிசல். முன்பு இல்லாத விரிசல். ஓர் அலையாத்திச் செடி மெல்லத் தலைசாய்ந்தது. காற்று இல்லை.

"நான் செத்தா உங்க மேல இல்ல," என்றாள் தேவி. "நாந்தான் சொல்றேன். எனக்கு வாய் இருக்கு, நான் சொல்றேன். தூக்குங்க."

அவளுக்கு அனத்தைத் தெரியாது. கையெழுத்து விஷயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் அவள் அப்படிச் சொன்னாள்.

"யா அல்லாஹ்," என்று எழுந்தான்.

குடிதண்ணீர் கேன் ஒன்று இருந்தது, இருபது லிட்டர். கவிழ்த்து மண்ணில் ஊற்றினான். மூடியை இறுக்கினான். அவளைக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி இழுத்து, அதில் கட்டி அவளிடம் வீசினான். அவள் அதை மார்போடு கட்டிக்கொண்டாள். மதகின்மேல் ஏறி நின்றான். ஆறாவது பலகையை உருவினான். ஐந்தாவது. இரண்டும் காய்ந்திருந்தன, சுலபமாக வந்தன. நான்காவது பலகையின் விளிம்பில் ஆறு தளும்பிக்கொண்டிருந்தது. கை வைத்தான். கை நகரவில்லை.

"பாய்!"

"தூக்கறேன்."

"பாய், தூக்குங்க!"

கண்ணை மூடிக்கொண்டு தூக்கினான்.

தண்ணீர் கண்ணாடித் தகடுபோல் வளைந்து உள்ளே விழுந்தது. சத்தம் பெரிதாக இருந்தது. சேற்றின்மேல் விரிந்து, ஓரத்தை நிரப்பி, நடுவுக்குப் போயிற்று. தேவி மூச்சை இழுப்பது கேட்டது. அவள் வயிற்றைச் சுற்றித் தண்ணீர் கறுப்பாகக் கூடியது.

"ஆட்டு. காலை ஆட்டு."

"ஆட்டறேன்!"

இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிச் சேற்றுக்குள் விட்டு அலைந்தாள். குமிழிகள் வந்தன. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. தண்ணீர் விலாவுக்கு ஏறியது. மார்புக்கு ஏறியது. அவன் பலகையைக் கையில் பிடித்தபடி நின்றான். அவள் கை காட்டினால் திரும்ப இறக்க வேண்டும். இறக்க முடியுமா என்று அவனுக்குத் தெரியாது. அவள் கை காட்டவில்லை. அவள் கை சேற்றுக்குள் இருந்தது.

அவளைச் சுற்றித் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. குஞ்சுகள். மடவைக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில், புதுத் தண்ணீர் வரும் திசைக்கு எதிர்த்து நீந்தி வந்தன. அவள் கழுத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து மதகை நோக்கிப் போயின. சில அவள் தலைமுடியில் சிக்கித் துடித்தன. அவை வளர்ந்திருந்தன. ஓட்டத்தை எதிர்க்கும் அளவுக்கு வளர்ந்திருந்தன.

"வந்துருச்சி!" தேவி கத்தினாள். "ஒரு காலு வந்துருச்சி!"

கரை உடைந்தது.

மதகின் இடதுபக்கம் மூன்றடி அப்படியே சரிந்தது. சட்டம் சாய்ந்தது. அவன் கையிலிருந்த பலகை பறந்தது. ஆறு உள்ளே வந்தது. மண்கட்டிகளும் வேர்களும் பிளாஸ்டிக் பைகளும் உருண்டன. நீலக் கேன் ஒருமுறை மேலே குதித்தது. அதைக் கட்டியிருந்த கைகள் தெரியவில்லை. தலை தெரியவில்லை.

"தேவி!"

கேன் தனியாக மிதந்தது.

பின்னால் நினைத்துப் பார்த்தபோது குதித்தது அவனுக்கு நினைவில் இல்லை. தண்ணீர் வாயில் உப்பும் சேறுமாக ஏறியது நினைவிருந்தது. கால் எதையும் தொடவில்லை என்பது நினைவிருந்தது. கையை நீட்டி நீட்டி வெறும் தண்ணீரைப் பிடித்தான். இன்னும் கீழே இருக்கிறாள், இன்னும் கீழே, என்று நினைத்துத் தலையை உள்ளே விட்டான். கண்ணுக்குள் மண். காதுக்குள் இரைச்சல். இவ்வளவுதான் என்று தோன்றியது. இரண்டாவது முறையும் என் கைதான் என்று தோன்றியது.

பின்கழுத்து முடியை யாரோ பிடித்து இழுத்தார்கள். கொத்தாக. உயிர் போகிற மாதிரி வலித்தது.

"காலை ஊனு! ஊனுடா! இங்க மண்ணு கெட்டி! ஊனு!"

ஊன்றினான். கெட்டியாகத்தான் இருந்தது. தண்ணீர் அவன் இடுப்பளவே இருந்தது. ஓரத்துக்கு அடித்து வந்திருந்தான். அவனுக்கு முன்னால், முகமெல்லாம் கறுப்புச் சேறாக, பல் மட்டும் வெள்ளையாக, தேவி நின்றாள். ஒரு காலில் நின்றாள்.

"நீச்சல் தெரியாதவன் எதுக்குடா குதிச்ச?" அழுதுகொண்டே திட்டினாள். "நான் வந்துட்டேன், அந்தாண்ட எழுந்து நிக்கிறேன், நீ இங்க தலைய வுட்டுத் தேடிக்கினு கீற! எருமமாடு!"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கரைமேல் ஏறினார்கள். உடையாத பக்கம். அவள் வலது முட்டி வீங்கியிருந்தது. அவன் வாந்தி எடுத்தான். அவள் கையை விடாமலேயே எடுத்தான்.

"கையை வுடுங்க பாய்," என்றாள், மறுபடி மரியாதைக்குத் திரும்பி. "நரம்பு நசுங்குது."

விட நினைத்தான். விரல்கள் பிரியவில்லை.

குட்டை இல்லை. ஆற்றின் ஒரு பகுதி அது இப்போது. அளந்த குஞ்சுகளை விட்டு வைத்திருந்த தொட்டிகள் இரண்டும் போய்விட்டன. அளவுப் பலகை போய்விட்டது. நாற்பத்தொரு குஞ்சும் எங்கேயோ. எழுதிய நோட்டும் அவன் போனும் உயரத்தில் மரக்கிளையில் மாட்டிய பையில் இருந்தன. தேவியின் போன் சேற்றுக்குள்.

படகு வருவதற்கு முன் அந்தப் பை அதிர்ந்தது. அவன் ஒரு கையால் போனை எடுத்தான். திரையில் 'தேவி அம்மா'.

எடுத்துக் காதில் வைத்தான்.

"தம்பி, வீராயி பேசறேன். அவ போன் போவவே மாட்டேங்குது. மழ வருதாம், சோத்த எடுத்து வைக்கட்டுமா, அங்கியே துன்னுட்டு வருவாளா, இன்னான்னு கேளு."

அவன் வாயைத் திறந்தான்.

எட்டு மாதத்துக்கு முன், மருத்துவமனை வராந்தாவில் நின்று, அனத்தின் அம்மா இஷ்ரத்துக்கு அவன்தான் போன் செய்தான். மாமி என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் வரவில்லை. மீதியை அந்தப் பக்கம் புரிந்துகொண்டார்கள்.

"அம்மா," என்றான் இப்போது. அதற்குமேல் வரவில்லை.

போனில் பாத்திரச் சத்தம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது, அது நின்றது.

"தம்பி?" வேறு குரல். "தம்பி, இன்னா ஆச்சு? எம்பொண்ணு எங்க? எம்பொண்ணுக்கு இன்னா ஆச்சு?"

தேவி பிடுங்கினாள்.

"ம்மா! நாந்தாம்மா. நான் நல்லா கீறேன். ஒண்ணுமில்ல. போன் வுழுந்துருச்சி. இல்லம்மா. அந்தாளு தண்ணி குடிச்சிட்டாரு, பேச்சு வரல. இல்ல, அந்தத் தண்ணி இல்ல! அய்யோ, பாய்மா அது. முட்டி கொஞ்சம் சுளுக்கு. சத்தியமா. உன் மேல சத்தியமா. அழுவாத. தோ, என் கொரல் கேக்குதுல்ல? அழுவாதம்மா."

அரிகிருஷ்ணனின் படகு வளைவில் தெரிந்தது. துறையில் ஏறிக்கொண்ட தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேரும் அவரோடு, கயிற்றுச் சுருளோடு நின்றபடி வந்தார்கள். தேவியைத் தூக்கி வைத்தார்கள். ஷஃபீக்கையும் தூக்க வேண்டியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையில் சேறு படுவதைப் பார்க்காமல் அரிகிருஷ்ணன் அவனைத் தோளில் சாய்த்து உட்கார வைத்தார்.

"ஏம்மா, உன் கொரல் கேட்டாச்சுல்ல, வெச்சிடட்டுமா?" தேவி போனில் கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தாள். "வைக்கக் கூடாதாம்," என்று ஷஃபீக்கிடம் சொன்னாள். "கரையேறுற வரைக்கும் வைக்கக் கூடாதாம். பேச வேணாமாம். வச்சா மட்டும் ஒதப்பாளாம்." போனை அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். இஞ்சின் சத்தத்தில் அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. வீராயி மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. ஆனால் திரையில் நொடிகள் ஓடின. துறை வரும்வரை அவன் அதை இரண்டு கையாலும், தண்ணீர் படாமல், நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தான்.